சிமேக் டெஸ்ட்டுக்கு என்விரான்மென்ட் வேரியபிள் போகவே மாட்டேங்குது

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்துலேர்ந்து தினம் பாண்டிக்கு பஸ்ல வேலைக்குப் போற ஆளு நான், நேத்து இந்தப் பிரச்சனையால கடைசி பஸ்ஸே போயிடுச்சு. கடலூர் ஹார்பர்ல கடல் தண்ணி ஏறி எறங்குற நேரம் காட்டுற சின்ன சி ப்ளஸ் ப்ளஸ் ப்ரோக்ராம். லேப்டாப்புல டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆபீஸ் பில்ட் சர்வர்ல மட்டும் எல்லா நேரமும் கரெக்டா 5:30 மணி கம்மியா வருது. பார்த்ததுமே புரிஞ்சுடுச்சு, சர்வர் யூடிசில, அதாவது நம்ம நேரத்துக்கு 5:30 மணி பின்னாடி இருக்கற உலகப் பொது நேரத்துல ஓடுது. சரின்னு பில்ட் பண்ற டூல் சிமேக்கோட சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைல்ல செட் என்வி போட்டு, டைம்சோன் சொல்ற என்விரான்மென்ட் வேரியபிள் டிஇசட்டுக்கு ஆசியா/கொல்கத்தான்னு குடுத்தேன், அங்கயே பிரிண்ட் பண்ணா அழகா வருது, அதோட டெஸ்ட் ஓட்டுற கமாண்ட் சிடெஸ்ட் ஓட்டுனா பழைய கதைதான். எங்க ஓட்டை?

வில்லியனூரான்:
அது கான்ஃபிகர் நேரத்துக்கு, அதாவது சிமேக் அந்த ஃபைலைப் படிக்கற நேரத்துக்கு மட்டும்தான் ப்ரோ. சிமேக் ஓடி முடிஞ்சதும் அந்த வேரியபிளும் அதோட போச்சு, டெஸ்ட் ஓடுறப்ப இருக்காது. ஆட் டெஸ்ட்டுக்குக் கீழ செட் டெஸ்ட்ஸ் ப்ராப்பர்ட்டீஸ் எழுதி என்விரான்மென்ட்ங்கிற ப்ராப்பர்ட்டில குடுங்க. ரெண்டு வேரியபிள்னா நடுவுல செமிகோலன், கமா போட்டா மொத்தமும் ஒரே வேல்யூவா போயிடும், நான் அதுல அரை நாள் முழிச்சிருக்கேன். டெஸ்ட் இருக்கற அதே டைரக்டரிலயே எழுதுங்க, மேல இருக்கற ஃபைல்லேர்ந்து சும்மா தொட்டா அப்படி டெஸ்ட்டே இல்லன்னு எரர் அடிக்கும் (சிமேக் 3.28லேர்ந்து டைரக்டரி ஆப்ஷன் குடுத்தா அங்கேர்ந்தும் முடியும்). கூகுள் டெஸ்ட் லைப்ரரில எழுதுன டெஸ்ட்டைத் தானா கண்டுபிடிச்சு சேர்க்கற ஜிடெஸ்ட் டிஸ்கவர் யூஸ் பண்றீங்கன்னா அதுக்குள்ளயே ப்ராப்பர்ட்டீஸ் குடுங்க, ஏன்னா பில்ட் ஆனப்புறம்தான் டெஸ்ட் பேரே அதுக்குத் தெரியும்.

ஓ.டி. ஆளு:
லைப்ரரியை எங்கெங்க தேடணும்னு சொல்ற எல்டி லைப்ரரி பாத் வேரியபிளுக்கு மட்டும் இந்த ப்ராப்பர்ட்டி வேணாம், ஏற்கனவே இருக்கறத தூக்கிட்டு புதுசா வைக்கும். முன்னாடி ஒட்டணும்னா என்விரான்மென்ட் மாடிஃபிகேஷன், அது சிமேக் 3.22லேர்ந்துதான். உபுண்டு 20.04ல வர்றது 3.16, கிடைக்காது.
கோச்சுக்காதீங்க தம்பி, மெஷினோட டைம்சோனை நம்பி ஓடுற கோடே எனக்குப் பிடிக்கல. ஹார்பர் எங்கயும் நகரப்போறதில்ல, டைம்சோனை கோடுலயே எழுதிடலாமே.

கெடிலக்கரை:
மாத்திட்டேன் ப்ரோ. சிடெஸ்ட்டை ஹைபன் பெரிய வி போட்டு ஓட்டுனா டிஇசட் வேல்யூ காட்டுது, ஆனா நேரம் அதே 5:30 கம்மி! தலையே சுத்திடுச்சு. கடைசில பார்த்தா பில்ட் சர்வர்ல டெஸ்ட் ஓடுற டாக்கர் இமேஜ்ல, டைம்சோன் ஃபைலெல்லாம் தர்ற டிஇசட்டேட்டா பேக்கேஜே இல்ல, டைம்சோன் ஃபைல் கிடைக்கலன்னா ஒரு எரர் கூட சொல்லாம யூடிசி எடுத்துக்குது. இன்ஸ்டால் பண்ணேன், எல்லாம் பச்சை.
ஓ.டி. அண்ணே, நீங்க சொன்னது வாஸ்தவம்தான், நாளைக்கு மாத்தறேன். இன்னைக்காவது பஸ்ஸைப் பிடிக்கணும்.