புதுப்பிப்பு: அவரைக் கொடியும் ஒன்பதாம் அத்தியாயமும்

ஆடிப்பெருக்கு அன்று மாடியில் நாட்டு அவரை விதைத்ததையும், நான் எழுதிவரும் நாவல் ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றுபோனதையும் முன்பு எழுதியிருந்தேன். புரட்டாசி முடிந்தும் கொடியில் ஒரு பூ இல்லை, பிடுங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தேன். வேண்டாம், பொறுங்கள் என்றீர்கள் பலர். பிடுங்கவில்லை.

நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். எவ்வளவு உரம் போட்டாலும் அதற்கு முன் இலைதான் விடும். கார்த்திகை பிறந்து சில நாளில் ஊதாப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நின்றன. கூடவே சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு வாரம் ஒருமுறை அடித்தேன். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், அங்கேதான் அது ஒட்டியிருக்கும்.

எழுத்து? மார்கழி முழுக்க நாலரைக்கு எழுந்தேன். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை முடியும்வரை எழுதுவது, அப்புறம் மாடிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுவது. ஒன்பதாம் அத்தியாயத்தை அப்படியே விட்டு, நாவலில் வரும் கிழவியின் இளமைக்காலத்திலிருந்து தொடங்கினேன். இப்போது பன்னிரண்டில் இருக்கிறேன். அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று முதல் பறிப்பு, அரைக் கிலோ இருக்கும். தேங்காய் போட்டுப் பொரியல் செய்தோம். மீதிப் பிஞ்சுகளைப் பொங்கல் குழம்புக்காகக் கொடியிலேயே விட்டிருக்கிறேன்.