பழைய சுகாதாரச் சட்டம் இருக்கட்டுமா, போகட்டுமா?

தம்பி: நம்ம தமிழ்நாட்டுப் பொது சுகாதாரச் சட்டம் 1939ல் போட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இன்னும் எதற்குப் பெரியப்பா? ரத்து செய்துவிடலாமே.

பெரியப்பா: காலம் வெள்ளைக்காரனுடையதுதான். ஆனால் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது தேர்தலில் ஜெயித்து வந்த ராஜாஜி அமைச்சரவை. 1897ல் பம்பாய் பிளேக்குக்காகக் கொண்டுவந்தார்களே, அந்தத் தொற்றுநோய்ச் சட்டம் வேறு. போட்டபோது அதில் நாலே பிரிவு. நம்முடையதில் குடிநீர், சாக்கடை, திருவிழாக் கூட்டம், கொசு எல்லாவற்றுக்கும் தனித்தனி அத்தியாயம் உண்டு.

அத்தை: அண்ணா, எங்கள் தெருவில் டெங்கு. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, மாடியில் தொட்டி திறந்தே இருக்கிறது.

பெரியப்பா: நான் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது தினமும் பார்த்தது இதைத்தான். டார்ச் அடித்தால் தொட்டிக்குள் புழு நெளியும். ஒரு வாரம், பத்து நாளில் அத்தனையும் கொசுவாகப் பறந்துவிடும். வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பார். இந்தச் சட்டம் இருப்பதால்தான் நோட்டீஸ் கொடுக்க முடிந்தது. அவர் சுத்தம் செய்யவில்லையா, நாங்களே செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். சட்டம் இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே நின்று கெஞ்ச வேண்டியதுதான்.

தம்பி: சரி. ஆனால் கொரோனாவில் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்களே? அதிகாரம் கையில் இருந்தால் அப்படித்தானே போகும்?

பெரியப்பா: அது தப்புதான்டா. அவசரத்துக்கு வெளியே வரக்கூட வழியில்லாமல் ஒரு குடும்பத்தை அடைக்கக் கூடாது. அதைத் தடுக்கத் திருத்தம் கொண்டு வரட்டும். 2020ல் முகக்கவசம் போடாததற்கு 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய் என்று உடனடி அபராதம் வாங்க இதே சட்டத்தைத்தானே திருத்தினார்கள்? அதே மாதிரி, தனிமைப்படுத்தினால் எத்தனை நாள், யாரிடம் முறையிடலாம் என்பதையும் எழுதலாம்.

நான்: இன்னொன்றும் இருக்கிறது. சட்டம் போனால் அதன் கீழ் வந்த விதிகளும் அறிவிக்கைகளும் சேர்ந்தே போய்விடும், அவை தொடரும் என்று தனியாக எழுதி வைத்தால் தவிர. ரத்து செய்வதென்றால் புதுச் சட்டம் அதே நாளில் நடைமுறைக்கு வர வேண்டும். நடுவில் ஒரு ஐப்பசி மழை வந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

தம்பி: புதுசு வரும்வரை பழசு இருக்கட்டும் என்கிறீர்கள். அது எனக்கும் சம்மதம். ஆனால் அந்த முறையீட்டு விஷயத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பெரியப்பா: சேர்க்கத்தான் வேண்டும். தங்கச்சி, நீ அந்த வீட்டு எண்ணைப் போட்டு, தொட்டிப் படத்தோடு மாநகராட்சி சுகாதார அலுவலருக்கு இன்றைக்கே மனு கொடு. வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதே.

அத்தை: சரி அண்ணா, எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.