கடலோரச் சுற்றுப்பாதை: கடற்கரை முதலிலா, கடைசியிலா?

கேள்வி: கடற்கரை, மணற்குன்று, பைன் காடு என்று சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும் 12 கிலோமீட்டர் பாதையில் நடக்கப் போகிறோம். கடற்கரையை முதலில் முடித்துவிடலாமா? செருப்பு போதுமா?

பதில் 1: அதைக் கடல்தான் முடிவு செய்யும். ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். நீர் வடிந்திருந்தால் ஈரமணல் கெட்டியாக இருக்கும், வேகமாகப் போய்விடலாம். ஏறிவிட்டால் மேலே உள்ள பொலபொல மணல்தான் கதி, அதில் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும், 12 கிலோமீட்டர் என்பது வெறும் பேச்சுக்குத்தான். பெரும்பாலான கடற்கரைகளில் ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய நேரத்தை நம்பாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் மேலே வரும்.

பதில் 2: காற்றையும் கணக்கில் சேருங்கள். வெயில் நாளில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுக்கும், மணல் முகத்தில் அடிக்கும். குன்றில் புல்லை மிதிக்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதன் வேர்தான்.

பதில் 3: செருப்பு வேண்டாம், ஷூதான். காட்டில் வேர் தடுக்கும், காய்ந்த பைன் ஊசிகள் சரிவில் வழுக்கும். அப்புறம், குன்றில் காலடித் தடத்தை நம்பிப் போகாதீர்கள், காற்று அழித்துவிடும். குறிக்கம்பங்களைப் பார்த்து நடங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, அட்டவணை பார்த்தேன். காலையில் நீர் ஏறியிருக்கிறது, காட்டிலிருந்தே தொடங்குகிறோம்.