கோடை லீவில் செட்டிநாட்டுப் பக்கம் வேலை, வெளிச்சுற்றல்: விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கோட்டையூர்க்காரர்

செமஸ்டர் முடிந்து பிள்ளைகள் ஊருக்கு வந்தாயிற்று. கல்லூரி திறக்க இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. நாலு காசு சம்பாதிக்கலாம், கண்மாய், மலை என்று சுற்றவும் செய்யலாம் என்று கிளம்புகிறார்கள். எந்த வேலையில் எது கையைக் கெடுக்கும், எந்தத் தண்ணீரில் எது காலைப் பிடிக்கும் என்று அறிந்தவர்கள், அவரவர் விஷயத்தைத் தலைப்பில் போட்டுச் சொன்னால் நல்லது.

கல்பட்டறை

ஆத்தங்குடிப் பூக்கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் டைல்) பட்டறைக்கு வரும் மாணவர்களை முதல் நாளே அச்சில் உட்கார வைக்கமாட்டார்கள். கண்ணாடி துடைப்பது, மணல் சலிப்பது, கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஏற்றுவது, அடுக்குவது என்றுதான் முதல் வாரம் போகும். இதைச் சின்ன வேலை என்று நினைக்கக்கூடாது. இந்தக் கல்லின் பளபளப்பு மெஷின் பாலிஷால் வருவது இல்லை, அடியில் இருக்கும் கண்ணாடியால் வருவது. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் கல்லின் முகத்தில் ஒரு பள்ளம் விழும். பழைய சிமெண்ட் பொருக்கு ஒட்டியிருந்தால் அந்தக் கல் விலைபோகாது.

கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சில் அறை அறையாக இருக்கும். சிமெண்டும் நிறப்பொடியும் கரைத்த கரைசலை ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறமாகச் சின்னக் கரண்டியால் ஊற்ற வேண்டும். வெளிர் நிறம் என்றால் வெள்ளை சிமெண்ட். பதம் தோசை மாவை விடச் சற்று இளக்கம். தண்ணீர் கூடினால் அச்சைத் தூக்கியதும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். குறைந்தால் மூலைக்குப் போய்ச் சேராமல் ஊசித் துளை விழும். அச்சை நேர் மேலாக, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். இடது கை முந்தி, வலது கை பிந்தினால் கோடு இழுத்துக்கொள்ளும். அந்தக் கை வர மாதக்கணக்கில் ஆகும், ஒரு லீவில் வராது.

நிறத்தின் மேல் ஈரமில்லாத மணல் சிமெண்டைத் தூவுவார்கள். நிறத்தில் மிஞ்சிய தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவை போட்டு அமுக்கி மட்டம் பார்த்து, சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு விடுவார்கள். இறுகிய பிறகு சில நாள் தொட்டித் தண்ணீர். கண்ணாடி தானாக விட்டுக் கொடுக்கும். கத்தி வைத்து நெம்பினால் முகம் போய்விடும்.

கோடையில் கெடுவது பெரும்பாலும் இந்தத் தொட்டிக் கட்டத்தில்தான். வெயில் நன்றாக அடிக்கிறதே, சீக்கிரம் காயட்டும் என்று புதுப் பையன்கள் கல்லை வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள். சிமெண்ட் காய்ந்து இறுகும் பொருள் அல்ல, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறுகுவது. அனல்காற்று பட்டால் மயிரிழை வெடிப்பு வரும். அன்றைக்குத் தெரியாது, தரையில் பதித்த பிறகுதான் தெரியும்.

10 அங்குலக் கல் ஒன்று 3 கிலோவுக்குப் பக்கம் வரும். படுக்கையாக அடுக்காமல், முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி வைக்க வேண்டும். குனிந்து ஒரே நேரத்தில் நாலு கல் தூக்கும் வேகம் மூன்றாம் நாள் இடுப்பில் தெரியும்.

கூலி நாள் கணக்கா, கல் கணக்கா, உடைந்த கல்லை யார் தலையில் போடுவார்கள் என்பதை முதல் நாள் காலையிலேயே கேட்டுவிடுங்கள். கையுறை இல்லாமல் கலவையில் கை வைக்காதீர்கள். சிமெண்டின் காரம் விரல் இடுக்கில் தோலைத் தின்னும், சாயங்காலம் சோறு பிசையும்போதுதான் எரிச்சல் தெரியும். உள்ளே கலவை புகுந்த கையுறை கையுறை இல்லாததை விடக் கேடு. உடனே கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பந்தி வேலை

கல்பட்டறை அண்ணன் சொன்ன அதே கல், ஈரம் பட்டால் வழுக்கும். கல்யாண வீட்டில் பரிமாறப் போகிற தம்பிமார் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வளவுத் தரையில் (வீட்டு உள்முற்றத்தில்) ரசம் சிந்திய இடத்தை உடனே துணி போட்டுத் துடைக்க ஓர் ஆளை ஒதுக்குங்கள். காலுறை போட்டுக்கொண்டு பரிமாறவே கூடாது.

வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்குச் சமையல் காண்டிராக்டர்கள் மாணவர்களைத் தேடுவார்கள். காலை ஆறரைக்கு இட்லியும் பணியாரமும் இலைக்குப் போக வேண்டும் என்றால் நாலு மணிக்கே ஆள் நிற்க வேண்டும். கூலி பந்திக்கா, நாளுக்கா, ராத்திரி வண்டி உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள். தங்கச்சிமார் கட்டாயம் கேளுங்கள்.

இலை நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம். வாளி முக்கால் அளவுக்கு மேல் நிறைய வேண்டாம். குழம்பு ஊற்றும்போது வாளியை இலைக்கு வெளியே தாழ்த்திப் பிடித்து, கரண்டியை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டும். வாளியை இலைக்கு மேல் நீட்டினால் அடியில் இருக்கும் சொட்டு பட்டுப் புடவையில் விழும். சோறு போடுகிறவர் முன்னே போக, குழம்புக்காரர் மூன்று இலை பின்னால் வர வேண்டும். இந்த இடைவெளி கெட்டால் பந்தியே கெடும். என்ன வரிசையில் பரிமாறுவது என்பது வீட்டுக்கு வீடு மாறும். தலைமைச் சமையல்காரரைக் கேளுங்கள், வீட்டு ஆச்சி ஒன்று சொன்னால் அதுவே முடிவு.

கானாடுகாத்தான் தெரு

பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டும் வேலையும் கிடைக்கும். இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் போதும் என்று வருகிறார்கள். போதாது. ஒரு வீடு பங்காளிகள் பலருக்குப் பொது. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், உரியவை. பூட்டியிருக்கும் கதவைத் தள்ளிப் பார்ப்பதும், சாமி அறையைப் படம் எடுக்க விடுவதும் அந்த வீட்டுக் கதவை மற்ற எல்லாருக்கும் அடைத்துவிடும்.

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடக்கும் வரிசையிலேயே சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு மேமாதத்திலும் கைக்குக் குளிரும். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்று சொல்லலாம். ஆனால் கண்ணில் படும் பளிங்கை எல்லாம் இத்தாலி என்று அடித்துவிடாதீர்கள். வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் உண்டு. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில்தான் இருக்கிறது. "உலகப் பாரம்பரியச் சின்னம்" என்று சொல்வது தவறு.

கண்மாய்க்கரை

வேலை போதும், மீன்பிடிக்கு வருவோம். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால், இடுப்பு என்று வற்றியதும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். விடிகாலையில் கரை முழுக்கக் கூட்டம் நிற்கும். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும்தான் இறங்க வேண்டும். அதற்கு முன் கால் வைப்பது ஊரை அவமதிப்பது. சில ஊரில் ஊத்தாவுக்குக் கட்டணம் வாங்குவார்கள், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடு, கீழ்வாய் அகலம், மேல்வாய் குறுகல். இதைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு நடக்கக்கூடாது, தூக்கித் தூக்கிக் குத்த வேண்டும். அடிவிளிம்பு சேற்றில் நாலு விரல் புதைய வேண்டும். புதையாவிட்டால் விரால் அடியில் நுழைந்து போய்விடும். குத்தியதும் ஒரு கணம் அசையாமல் நில்லுங்கள். உள்ளே மீன் இருந்தால் மூங்கில் பட்டையில் 'தட் தட்' என்று மோதுவது உள்ளங்கைக்குக் கேட்கும். பிறகு மேல்வாய் வழியாகக் கையை விட்டு, சேற்றோடு சேர்த்து அமுக்கி, செவுளுக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். நடு உடம்பைப் பிடித்தால் விரால் வழுக்கிப் போகும்.

உள்ளே இருப்பது கெளுத்தி என்றால் விஷயமே வேறு. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். விரலுக்குள் ஏறினால் தோள்வரை கடுக்கும். உடைந்த முள் இருந்தால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை கையை வைத்திருங்கள், வலி இறங்கும். கொதிநீர் வேண்டாம், கடுப்பில் சூடு தெரியாமல் வெந்துபோகும். மஞ்சள் அப்பிக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விடப் பயப்பட வேண்டியது பள்ளம். மண் அள்ளிய கண்மாயில் மெஷின் தோண்டிய குழி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தெரியவே தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த எட்டில் இரண்டாள் ஆழம். கோடையில் எங்கே தோண்டினார்கள் என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வெளியூரிலிருந்து நண்பர்களைக் கூட்டி வந்தால் முந்தின நாள் அவர்களைக் கேட்டுவிட்டு, நீச்சல் தெரியாதவர்களைக் கரையோரத்திலேயே நிறுத்துங்கள். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் கருவேல முள்ளும் கண்ணாடித் துண்டும் ஆழமாக ஏறாது.

பிடித்த மீன் குழம்புக்குத்தான். விற்பது வழக்கம் இல்லை, கிடைக்காதவர்களுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சைக்கிள்

காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வழியாகத் திருமயம், 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் போய்விடலாம். கோட்டை 1687இல் சேதுபதி காலத்தில் கட்டியது. பத்து மணிக்கு மேல் பாறை சுடும், வெறுங்காலோடு நிற்க முடியாது. கோட்டை திறக்கும்வரை கீழே குடைவரைக் கோயில்களைப் பார்த்துவிடலாம்.

இந்தப் பாதையில் பஞ்சர் நிச்சயம், எல்லாம் சீமைக்கருவேல முள். டியூபை ஒட்டிவிட்டு அப்படியே மாட்டுகிறவர்கள் அரைக் கிலோமீட்டரில் மறுபடி இறங்குவார்கள். முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும், வெளியிலிருந்து தெரியாது. டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் தடவுங்கள், துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரப்பளபளப்பு போகும்வரை காத்திருந்து பேட்ச் வைக்க வேண்டும். ஈரத்திலேயே வைத்தால் வெயிலில் கழன்றுவிடும்.

பறம்பு மலை

பறம்பு மலை என்கிற பிரான்மலை ஏறுகிறவர்கள் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். உச்சியில் தர்கா இருக்கிறது, அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றால் தீனி என்று அர்த்தம், பைக்குள் பையாக வையுங்கள். தலைசுற்றல் வந்தால் 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பை மட்டும் அள்ளிப் போட்டுக் குடிப்பது கெடுதல்.

கோட்டையூர்க்காரர்

பட்டறை வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் இந்த ஞாயிறு மீன்பிடிக்குப் போகிறார்களாம். கையில் சிமெண்ட் புண் இருக்கிறது. போகலாமா?

கல்பட்டறை

தோல் மூடும்வரை சேற்றுத் தண்ணீரில் கையை விடக்கூடாது. ஆடு மாடு இறங்கும் தண்ணீர்; எலிக்காய்ச்சல் அந்தப் புண் வழியாக ஏறும். மீறி இறங்கிவிட்டார்கள் என்றால், அடுத்த மூன்று நாலு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஹாஸ்டலுக்குப் போன பிறகு என்றாலும், டாக்டரிடம் "கண்மாயில் இறங்கினேன்" என்று அவர்களாகவே சொல்ல வேண்டும். கேட்காமல் அவருக்கு அது தோன்றாது. முள், கண்ணாடி குத்தியிருந்தால், டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். இந்த ஞாயிறு கரையில் நின்று மற்றவர்கள் பிடிக்கும் மீனுக்குக் கூடை பிடிக்கட்டும்.