மறு: [கலைச்சொல்] டெக், டெக், ஃப்ளெக்ஸ் ஸ்லாட் – மூணையும் பிரிச்சுடலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

போக்கிமான், மேஜிக் மாதிரி சீட்டாட்டங்கள்ல வர்ற டெக், ஃப்ளெக்ஸ் ஸ்லாட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடற இந்த இழை நீளமாப் போயிடுச்சு, ஆனா புதுச் சொல் நமக்கு எதுக்குன்னு யாரும் நேராச் சொல்லல. இங்கிலீஷ்ல deck, tech ரெண்டுக்கும் எழுத்தும் வேற ஒலியும் வேற, குழப்பமே இல்ல. தமிழ்ல எழுதினா 60 சீட்டு சேர்ந்த கட்டும் டெக், அந்தக் கட்டுக்குள்ள ஒரே ஒரு எதிரியை நினைச்சு சொருகற சீட்டும் டெக். "என் டெக்குல டெக் ரெண்டு போதுமா"ன்னு ஒருத்தர் கேட்டா பதில் சொல்றவர் முதல்ல எந்த டெக்குன்னு கேக்க வேண்டியிருக்கு. முதல் டெக்குக்கு கட்டுன்னு இங்க பேசி முடிச்சாச்சு, எல்லாரும் பழகியும் ஆச்சு. மிச்சம் ரெண்டாவது டெக்கும் ஃப்ளெக்ஸ் ஸ்லாட்டும்தான். வந்த மடல்ல பாதி இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சுட்டு எழுதினது, அதனாலதான் ஒரு சொல்லும் ஒட்டல.

ரெண்டாவது டெக் ஒரு சீட்டு, ஃப்ளெக்ஸ் ஸ்லாட் கட்டுக்குள்ள ஒரு இடம். இதைப் பிரிக்காம சொல் தேடினா கிடைக்காது.

போக்கிமான்ல இருந்து உதாரணம் எடுக்கறேன், ஏன்னா அங்க சைட்போர்டே (ஆட்டங்களுக்கு நடுவுல மாத்திக்கற கூடுதல் சீட்டுகள்) கிடையாது, 60 சீட்டை எழுதிக் குடுத்துட்டா போட்டி முடியற வரைக்கும் அந்த 60தான், முடிவு எல்லாத்தையும் வீட்டிலயே எடுத்தாகணும். 2022ல ரேடியன்ட் கிரெனிஞ்சான்னு ஒரு சீட்டு வந்துச்சு. எனர்ஜி ரெண்டை கழிச்சுட்டு எதிராளியோட போக்கிமான்ல ஏதாவது ரெண்டு மேல ஆளுக்கு 90 அடி, பெஞ்ச்ல, அதாவது பின்வரிசையில, உக்காந்திருக்கறதும் தப்ப முடியாது. சின்னச் சின்ன போக்கிமானை பெஞ்ச்ல வளர்த்து எடுக்கற கட்டுக்கு இது பேரிடி, ஒரே அடியில ரெண்டு பிரைஸ் (ஒரு போக்கிமானை வீழ்த்தினா எதிராளி எடுக்கற பரிசுச் சீட்டு) போயிடும். அதுக்கு மருந்து அதே வருஷம் வந்த மனஃபி. அது களத்துல இருக்கற வரைக்கும் எதிராளி அட்டாக்கால பெஞ்ச்ல யாருக்கும் சேதம் கிடையாது. அப்போ கட்டுக்குள்ள ஒரு மனஃபி வைக்கலாமா வேண்டாமா, இதுதான் கேள்வி.

வெச்சா என்ன ஆகும்? ஆட்டம் தொடங்கும்போது 6 சீட்டு பிரைஸா கவுத்து வைக்கறோம், ஒரே பிரதி வெச்சிருக்கற சீட்டு அதுல மாட்டறதுக்கு 60ல 6, சுமார் பத்துல ஒரு ஆட்டம். மாட்டுச்சுன்னா தேவைப்படற நேரத்துல கையில இருக்காது. மாட்டலைன்னாலும், கையில வந்த ஒரே பேசிக் (நேரா இறக்கக்கூடிய போக்கிமான்) அதுவா இருந்தா அதைத்தான் முன்னால நிறுத்தணும், 70 ஹெச்பிதான் (தாங்கற அடி), பாவம். பெஞ்ச்ல இருக்கறதே அஞ்சு இடம், அதுல ஒண்ணை அது புடிச்சுக்கும். விவரமான எதிராளி பாஸ்'ஸ் ஆர்டர்ஸ் போட்டு அதையே முன்னால இழுத்து அடிச்சுட்டு அடுத்த டேர்ன்ல கிரெனிஞ்சாவை இறக்குவான். இதெல்லாம் தெரிஞ்சும் வெச்சாங்க, ஏன்னா நெஸ்ட் பால் மாதிரி தேடி எடுக்கற சீட்டு கட்டு முழுக்க இருக்கு, ஒரு பிரதி இருந்தாலே போதும், வேணும்ங்கற அன்னிக்கு எடுத்துக்கலாம். எதிர்ல கிரெனிஞ்சா இல்லைன்னா எடுக்காம விட்டுடலாம், அப்போ அது கட்டுல ஒரு வெத்துச் சீட்டு, அவ்வளவுதான் நஷ்டம்.

இதே 60 சீட்டு மேஜிக்ல கணக்கு தலைகீழ். டிரெட்ஜ் மாதிரி கிரேவ்யார்டை (ஆடி முடிஞ்ச சீட்டு போற குவியல்) வெச்சே பிழைக்கற கட்டுகளுக்கு எதிரா லேலைன் ஆஃப் தி வாய்ட்ங்கற சீட்டை சைட்போர்டுல வைப்பாங்க. முதல் கையில வந்தா காசில்லாம களத்துல இறங்கிடும், வராட்டி நாலு மானா (சீட்டு இறக்கற செலவு) குடுக்கணும், அதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும். ஒரு பிரதி மட்டும் போட்டா முதல் ஏழு சீட்டுல வர வாய்ப்பு 60ல 7, அதாவது 12 சதவீதம்கூட இல்ல. நாலு போட்டா கிட்டத்தட்ட 40 சதவீதம். அதனால வைக்கறவங்க நாலையும் வைப்பாங்க.

இப்போ சொல்லுங்க, ரெண்டாவது டெக்குக்கு மூணு நாள் முன்னாடி வந்த "ஒற்றைச்சீட்டு" எப்படிப் பொருந்தும்? மனஃபி ஒண்ணு, லேலைன் நாலு, ரெண்டுமே ஒரே வேலைக்கு வந்த ஒரே ஜாதிச் சீட்டு. எத்தனை பிரதிங்கறது அந்த ஆட்டத்துல தேடி எடுக்கற வசதி எவ்வளவு இருக்குங்கறதைப் பொறுத்தது, சீட்டோட குணம் இல்ல.

"துருப்புச்சீட்டு"ன்னு ஐயா எழுதியிருந்தார். அழகான சொல், பேப்பர்ல தேர்தல் நேரத்துல தினம் வர்றதுதான். ஆனா ஐயா, துருப்பு எல்லா ஜாதியையும் வெட்டும். நாம பேசற சீட்டு ஒரே ஒருத்தனை வெட்டும், மத்தவன்கிட்ட அது குப்பை. அர்த்தம் நேர் எதிராப் போயிடுது.

"குறிச்சீட்டு" எனக்கும் முதல்ல பிடிச்சது, குறிவெச்சு அடிக்கற சீட்டுன்னு. ஆனா போட்டி அரங்கத்துல குறி போட்ட சீட்டுன்னா வேற விஷயம். ஸ்லீவ் (சீட்டு உறை) ஓரம் ஒரு சீட்டுக்கு மட்டும் மடங்கி, பின்பக்கம் பாத்தே எதுன்னு கண்டுபிடிக்கற மாதிரி இருந்தாலே ஜட்ஜ் கூப்பிட்டு எச்சரிப்பார், வேணும்னே பண்ணதுன்னு தெரிஞ்சா வெளியே அனுப்பிடுவாங்க. "என் கட்டுல ரெண்டு குறிச்சீட்டு இருக்கு"ன்னு ஒரு தமிழ்ப் பையன் ஜட்ஜ்கிட்ட சொல்ற நிலைமையை நினைச்சுப் பாருங்க.

"மாற்றுச்சீட்டு" வேண்டவே வேண்டாம், கணக்குப்பதிவியல் படிச்சவங்களுக்கு அது உண்டியல், தள்ளுபடி, வட்டின்னு பழைய பரிட்சை பயத்தைக் கிளப்பும்.

என் பரிந்துரை முறிச்சீட்டு. பாம்புக் கடிக்கு விஷமுறிவுன்னு சொல்றோமே, அந்த முறி. விஷத்துக்குன்னு எடுத்து வெச்ச மருந்து, விஷம் ஏறாத உடம்புக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒரு சீட்டை முறிச்சீட்டுன்னு சொன்னாலே "எதுக்கு முறி?"ன்னு அடுத்த கேள்வி தானா வரும், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லைன்னா அந்தச் சீட்டு கட்டுல இருக்கவே கூடாது. மனஃபி கிரெனிஞ்சாவுக்கு முறி, லேலைன் டிரெட்ஜுக்கு முறி. பேச்சுலயும் நல்லாப் போகுது: "அவன் முறி வெச்சிருப்பான்", "ரெண்டாவது ஆட்டத்துல முறிய உள்ள எடுத்தேன்". கொழும்புல இருந்து அண்ணை ஒருத்தர் முறின்னா தங்களுக்கு பிணைமுறிதான் (அரசாங்கக் கடன் பத்திரம்) ஞாபகம் வரும்னு தனிமடல்ல எழுதினார், நியாயம்தான், 2015 பிணைமுறி மோசடியில இருந்து அந்தச் சொல் அங்க பட்ட பாடு கொஞ்சமா. ஆனா முறியோட சீட்டு ஒட்டி வர்றப்போ பத்திரம்னு யாரும் படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன், அண்ணைதான் சொல்லணும்.

அடுத்தது இடம். ஜெயிச்ச கட்டுகளோட லிஸ்ட் நாலைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா பெரும்பாலும் ஒண்ணாத்தான் இருக்கும், கடைசி அஞ்சாறு சீட்டுலதான் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த அஞ்சாறு இடத்துக்குத்தான் ஃப்ளெக்ஸ் ஸ்லாட்னு பேரு, சண்டையெல்லாம் அங்கதான். "நெகிழிடம்"னு வந்தது, ஆனா நெகிழின்னா பிளாஸ்டிக்னு அரசாங்கமே பழக்கிட்டதால அது பிளாஸ்டிக் கொட்டற இடம் மாதிரி இருக்கு. மாறிடம்னு வைக்கலாம். பள்ளிக்கூடக் கணக்குல மாறி, மாறிலி எல்லாருக்கும் தெரியும், அதே வேர்தான். மாறாம இருக்கற பாக்கிக்கு நிலையிடம்.

மாறிடத்துல முறிச்சீட்டுதான் வைக்கணும்னு இல்ல, இது முக்கியம். மனஃபிய எடுத்துட்டு அதே இடத்துல இன்னொரு நெஸ்ட் பால் வெச்சா அது முறி இல்ல, கட்டு இன்னும் சீரா ஓடறதுக்காக வெச்சது. உண்மையில நல்ல ஆட்டக்காரங்க முக்காவாசி நேரம் இதைத்தான் செய்வாங்கங்கறது என் கணிப்பு. புதுசா வர்றவங்க மாறிடம் எல்லாத்தையும் முறியால நிரப்பி, ஒவ்வொரு எதிரிக்கும் ஒண்ணுன்னு வெச்சு, கடைசியில தன் கட்டோட வேலைய செய்ய விடாம அடைச்சுடுவாங்க.

யூ-கி-ஓ ஆடறவங்க ஒருத்தர் ஆஷ் பிளாஸம்ங்கற சீட்டு எதுல சேரும்னு கேட்டிருந்தார். 2017ல வந்துச்சு, பெரும்பாலான கட்டுல பாக்கலாம், கிட்டத்தட்ட எல்லா எதிரிக்கும் வேலை செய்யுது, அதனால முறி இல்ல, நிலையிடத்துக்குப் போயிடுச்சு. நிபிரு அப்படி இல்ல, எதிராளி ஒரே டேர்ன்ல அஞ்சு மான்ஸ்டர் இறக்கினாத்தான் அதுக்கு வேலை, நாலோட நிறுத்தறவன்கிட்ட சும்மா கையில தூங்கும். அது முறிச்சீட்டுதான். அங்க கட்டு 40 சீட்டு, மூணு பிரதி போட்டா முதல் அஞ்சுல ஒண்ணாவது வர வாய்ப்பு சுமார் 34 சதவீதம், அதையே 60 சீட்டுக் கட்டா ஆக்கினா 23க்கு இறங்கிடும். 60 வரைக்கும் அனுமதி இருந்தும் பெரும்பாலானவங்க 40லயே நிக்கறது இதனாலதான்.

ஒரு சீட்டு முறியா இல்லையாங்கறது களத்தைப் பொறுத்து மாறும்ங்கறதையும் விளக்கக் குறிப்புல சேத்துடணும். எல்லாரும் மனஃபி வைக்க ஆரம்பிச்சா கிரெனிஞ்சாவோட பெஞ்ச் அடியை நம்பறவன் குறைவான், அவன் குறைஞ்சா மனஃபிக்கு இடம் எதுக்குன்னு எடுத்துடுவாங்க, எடுத்ததும் அவன் திரும்ப வருவான்.

மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, இல்லேன்னா நம்ம சொற்பட்டியல்ல மாறிடம், நிலையிடம், முறிச்சீட்டு மூணையும் நானே ஏத்திடறேன். சைட்போர்டுக்கு தனி இழை தொடங்குங்க, இங்க கலக்க வேண்டாம். பக்கப்பலகைன்னு மட்டும் யாரும் ஆரம்பிச்சுடாதீங்க, பலகைய ஆடற மேசைப்பரப்புக்குன்னு ஏற்கனவே எழுதி வெச்சாச்சு.