வியாத்திக்கும்: தமிழில் ஒரு சொல் வேண்டும் (அச்சுக்குப் போகிறது)

அனுப்பியவர்: மறைக்கல்வி ஆசிரியை, யாங்கோன்

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும்.

படுத்த படுக்கையாகிவிட்ட நம் பெரியவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை (ஆண்டவரின் திருவுடலாக ஏற்கும் அப்பம்) கொண்டுபோகும் பணியாளர்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது. பர்மியப் பக்கங்கள் முடிந்துவிட்டன. தமிழ் என் பொறுப்பு. பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள். 1993 முதல் நோயாளர் உலக நாளும் அதுதான். அன்று பங்குக் கோவில்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

சாகும் தறுவாயில் இருப்பவர் வாங்கும் நற்கருணைக்கு லத்தீனில் வியாத்திக்கும் என்று பெயர். வழிக்கான சாப்பாடு, கைச்செலவு என்பது அதன் பழைய பொருள். 'இறுதி நற்கருணை' என்று போட்டுவிட்டுப் போகலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. சாகும் தறுவாயில் செய்யும் திருச்சடங்குக்குச் சொல்லிவந்த 'அவஸ்தை' என்ற சொல் நம் வீடுகளில் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். "அவஸ்தை கொடுத்தாச்சா?" என்றால் ஆள் பிழைக்கமாட்டார் என்று அர்த்தம். அந்தப் பயத்திலேயே சாமியாரைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட்டு, நினைவு தப்பிய பிறகு போன் செய்கிறார்கள். திருச்சபைச் சட்டமோ (922) தாமதிக்காதே, நோயாளி முழு நினைவோடு இருக்கும்போதே கொடு என்கிறது.

இன்னொன்று. நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது) வேறு, இது வேறு. பூசுதல் குரு மட்டுமே செய்வது. கடும் நோய் கண்ட எவருக்கும் உண்டு. சாவை நெருங்கியவருக்கென்றே உள்ள அருளடையாளம் (திருச்சடங்கு) இந்த நற்கருணைதான். குரு கிடைக்காவிட்டால் பணியாளரே கொண்டுபோகலாம். இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நின்று கூசாமல் சொல்லவும் முடிய வேண்டும்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தன்லின்

அன்பு மகளுக்கு,

சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இருக்கிறது: ஆற்றுணா. ஆறு என்றால் வழி; ஆற்றுப்படை என்பதில் உள்ள அதே ஆறு. உணா, உணவு. கற்றவனுக்கு எந்த நாடும் வேற்று நாடு அல்ல என்று சொல்லவந்த பழமொழி நானூறு, 'ஆயினால் ஆற்றுணா வேண்டுவது இல்' என்று முடிக்கிறது. பிறந்த மண்ணை விட்டுவந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு உண்டா?

இதற்கும் மேலே ஒன்று. நாலடியார், 'ஆட்பார்த்து உழலும் அருளில்கூற்று உண்மையால் தோட்கோப்புக் காலத்தால் கொண்டுய்ம்மின்' என்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு போகும் கட்டுச்சோறுதான் தோட்கோப்பு. எமன் ஆள் தேடித் திரிகிறான், நேரத்தோடு எடுத்துக்கொள் என்கிறார் முனிவர். நீ காட்டிய 922ஆம் விதி சொல்வதும் 'காலத்தால் கொண்டுய்ம்மின்' என்பதுதானே? சமணருக்கு அறம் கட்டுச்சோறு. நமக்கு ஆண்டவரின் திருவுடல்.

நிற்க. லத்தீன் சொல்லுக்குப் பயணச் செலவு என்ற பொருளும் உண்டு என்றாய். தமிழில் 'செலவு' என்பதே பயணம்தான்! செல் என்பதிலிருந்து வந்தது. பிற்காலத்தில்தான் பணத்துக்கு ஆயிற்று. ஆகவே 'செலவுணா' என்றும் சொல்லலாம்.

'நற்கருணை'யையும் கவனி. நம் முன்னோர் 'சற்பிரசாதம்' என்றார்கள். சத் என்பது நல் ஆயிற்று, பிரசாதம் கருணை ஆயிற்று. கிரேக்கத்திலும் 'எவ்' என்றால் நன்மை, 'காரிஸ்' என்றால் அருள். வழக்கில் அந்தச் சொல்லுக்கு நன்றி கூறல் என்று பொருள் என்றாலும், உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் நம் சொல் அப்படியே ஒட்டிப்போகிறது. இவ்வளவு நயமான சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கத் தகுதியானது ஆற்றுணா ஒன்றே.

---

அனுப்பியவர்: செவிலியர், மோல்மேன்

ஐயா, படிக்க இனிமையாக இருந்தது. ஆனால் எங்கள் வார்டில் கிடக்கும் ஆத்தாவிடம் "ஆற்றுணா கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொன்னால், ஆற்றில் பிடித்த மீனா என்றுதான் கேட்பார். 'செலவுணா' என்றால் எவ்வளவு செலவாகும் என்பார்.

'கட்டுச்சோறு' என்றே போடுங்கள். என் அப்பாயி 1942இல் புரோமிலிருந்து அரக்கான் மலை தாண்டி நடந்து போய், போர் முடிந்து திரும்பி வந்தவர். வறுத்த அரிசியையும் வெல்லத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார்களாம். முடிச்சு தீர்ந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்பார். அந்த வழிவந்த குடும்பங்களுக்கு, வழியில் சாப்பாடு என்றால் என்ன என்று அகராதி பார்த்துச் சொல்லவேண்டியதில்லை.

---

அனுப்பியவர்: அருள்சகோதரி, பாகோ

தம்பி சொல்வதில் உயிர் இருக்கிறது. ஆனாலும் 'சோறு' வேண்டாம். அதற்குக் காரணம் கௌரவம் அல்ல, வாய்க்கரிசி. சாகப்போகிறவர் வாயில் பால் ஊற்றுவதும், இறந்தவர் வாயில் அரிசி போடுவதும் நம் ஊரில் எல்லாச் சமயத்தாரும் பார்த்துப் பழகியவை. நான் நற்கருணைச் சிமிழோடு ஒரு வீட்டுக்குப் போனபோது, மூச்சு நின்ற பிறகும் "கொஞ்சம் நாக்கில் வையுங்கள் சிஸ்டர்" என்று மகன் காலைப் பிடித்தார். இந்தப் பழக்கம் புதிதல்ல. ஆப்பிரிக்காவில் அன்றே இருந்தது. கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கம் 397இல் தடுத்தது. "வாங்கி உண்ணுங்கள்" என்றார் ஆண்டவர், பிணம் வாங்கவும் முடியாது உண்ணவும் முடியாது என்பதே அங்கே சொன்ன காரணம்.

இது உயிரோடு இருப்பவர் தாமே உட்கொள்ளும் உணவு. அதனால்தான் சடங்கிலும் அவருக்கு வேலை இருக்கிறது. முடிந்தால் திருமுழுக்கு வாக்குறுதியை அவரே புதுப்பிக்கிறார். அப்பத்தைக் கொடுத்த பிறகு, ஆண்டவர் உங்களைக் காத்து நிலைவாழ்வுக்கு அழைத்துச் செல்வாராக என்று சேர்த்துச் சொல்கிறோம். வழக்கமான நோயாளர் நற்கருணையில் இந்த வரி கிடையாது. முதல் நன்மை (முதல் நற்கருணை) எடுத்த நாளில் வந்த அதே ஆண்டவர், இப்போது வழித்துணையாக வருகிறார். 325இல் கூடிய நிசேயா சங்கமே, சாகும் தறுவாயில் உள்ள எவருக்கும், தவம் முடிக்காத பாவிக்கும்கூட, இந்த வழியுணவை மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இறைவாக்கினர் எலியாவை நினையுங்கள் (1 அரசர் 19). செத்தால் போதும் என்று சூரைச்செடி அடியில் படுத்தவரை வானதூதர் எழுப்பி, சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்றார். ஆகவே என் ஓட்டு 'வழியுணவு'. வேறு சிலரும் ஏற்கெனவே எழுதும் சொல்தான்.

---

அனுப்பியவர்: மறைக்கல்வி ஆசிரியை, யாங்கோன்

சிஸ்டர், நானும் அதைத்தான் எழுதிவைத்திருந்தேன். நேற்று பணியாளர்களிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தேன். இளையவர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. செபங்களைப் பர்மிய எழுத்தில் எழுதித்தான் வாசிக்கிறார்கள். பர்மிய எழுத்தில் ழ கிடையாது. ல போட்டு எழுதுகிறார்கள். 'வலியுணவு' என்று வாசித்தார் ஒரு பையன். வலியில் துடிக்கும் நோயாளியின் காதில் அது எப்படி விழும்?

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தன்லின்

ழகரம் வராது என்பதற்காகச் சொல்லைக் கைவிடுவதா? பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுங்கள். சனிக்கிழமைதோறும் நான் வரத் தயார். எழுத்துக்கு ஏற்பச் சொல்லை வெட்டினால் நாளைக்கு 'தமிழ்' என்பதையே மாற்றவேண்டி வரும். ஆற்றுணாவில் ழகரம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

---

அனுப்பியவர்: செவிலியர், மோல்மேன்

ஐயா கோபிக்கக் கூடாது. நீங்கள் காட்டிய பாட்டு, ஆற்றுணா 'வேண்டுவது இல்' என்றல்லவா முடிகிறது? வேண்டாம் என்று சொல்லும் வரியிலிருந்து, கட்டாயம் வேண்டும் என்று திருச்சபை சொல்லும் ஒன்றுக்குப் பெயர் எடுப்பது எப்படி?

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தன்லின்

நல்ல கேள்வி, தம்பி. கற்றவனுக்குப் போன இடமெல்லாம் சொந்த ஊர், சோறு போட ஆள் உண்டு, அதனால் வேண்டாம் என்கிறது பாட்டு. சாவின் வழியில் நமக்குத் தெரிந்தவர் யார்? அங்கே படித்தவனும் படிக்காதவனும் ஒன்று. எல்லோருக்கும் ஆற்றுணா வேண்டும். அந்தப் பாட்டு நிற்கும் இடத்திலிருந்துதான், 'வாழ்வு தரும் உணவு நானே' என்று ஆண்டவர் சொல்லும் யோவான் 6 தொடங்குகிறது.

---

அனுப்பியவர்: குழு உறுப்பினர், சென்னை (பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம்)

'கட்டமுது' என்று ஒரு சொல் உண்டே. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துபோன அப்பர் பசியில் தளர்ந்தபோது சிவனே வழியில் காத்திருந்து பொதிசோறு கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். கடவுளே வழிக்கு உணவு தரும் கதை தமிழனுக்குப் புதிதில்லை. இங்கே ழகரச் சண்டையும் வராது.

---

அனுப்பியவர்: அருள்சகோதரி, பாகோ

அழகான சொல், நன்றி. ஒரு வேறுபாடு மட்டும்: அப்பருக்கு உணவைக் கொடுத்தவர் கடவுள். நற்கருணையில் கொடுப்பவரும் அவரே, கொடுக்கப்படுவதும் அவரே. எந்தச் சொல் போட்டாலும் பக்கத்தில் 'நற்கருணை' என்பது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கொண்டுபோவது வெறும் உணவாகிவிடும்.

---

அனுப்பியவர்: மறைக்கல்வி ஆசிரியை, யாங்கோன்

அச்சகத்தில் நாளை காலை கேட்கிறார்கள். தனியாக எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் 'பயண நற்கருணை'க்குச் சரி என்கிறார்கள். சிஸ்டர் கேட்ட நற்கருணை இருக்கிறது, தம்பி கேட்ட எளிமை இருக்கிறது, பர்மிய எழுத்திலும் பிசகாது. படுக்கையருகே சொல்லிப் பார்த்தேன், கூசவில்லை. ஆற்றுணாவை முன்னுரையில் நாலடியார் வரியோடு சேர்க்கிறேன்.

நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் கட்டாயம் இல்லை, காலையில் நன்மை வாங்கியிருந்தாலும் ஆபத்து நேர்ந்தால் அன்றே மறுபடி வாங்கலாம் என்ற குறிப்புகளும் சேர்ந்துவிட்டன.

---

அனுப்பியவர்: செவிலியர், மோல்மேன்

சம்மதம், அக்கா. இதையும் சேருங்கள்: விழுங்க முடியாதவருக்கு அப்பத்தில் சின்னத் துணுக்கு, கரண்டியில் தண்ணீரோடு. அதுவும் முடியாவிட்டால் திருஇரத்தம் (இரச வடிவில் உள்ள நற்கருணை) மட்டும் கொடுக்கலாம். அதற்குக் குருவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்டிலருகே ஒரு வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, டம்ளரில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது, இதைக் கட்டாயம் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தன்லின்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பயணம் வடசொல். 'தேவதிரவிய அனுமானம்' என்று சொல்லிப் பழகிய வாய்கள் 'அருளடையாளம்' என்று மாற முடிந்ததே, ஆற்றுணாவுக்கு மட்டும் ஏன் முடியாது? அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன். சனிக்கிழமை வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிவிக்கவும்.