கலைச்சொல்: டிஎம்ஏ முறை பிஐஓவுக்கு இறங்குவதை "படியிறக்கம்" எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் கணினியில் குறுவட்டும் டிவிடியும் மெதுவாகப் படிப்பதைச் சரிசெய்யும் கையேடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரே ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறது. ஐடிஇ கேபிள்வழி (பழைய கணினிகளில் வட்டு இயக்ககத்தைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் பட்டைக் கேபிள்) இணைந்த இயக்ககத்தில் பிழைகள் சேர்ந்துகொண்டே போனால், விண்டோஸ் எக்ஸ்பி பரிமாற்ற முறையை டிஎம்ஏவிலிருந்து (தரவு நேராக நினைவகத்துக்குப் போகும் விரைவு முறை) தானாகக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் பிஐஓவில் (ஒவ்வொரு துண்டையும் செயலியே எடுத்து வைக்கும் மெதுவான முறை) கொண்டுபோய் விட்டுவிடும். இந்த நிகழ்வுக்கு நம்மிடம் பெயர் இல்லை. வரைவில் "வேகம் குறைந்துவிடுதல்" என்று இருக்கிறது. அழுக்கு லென்ஸ், கீறல் வட்டு, கோளாறான கேபிள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் அது. அதனாலேயே எதையும் குறிப்பாகச் சொல்லவில்லை.

(இடையில் ஒன்று: பெட்டிக்குள் இருக்கும் கருவி இயக்ககம், அதை நடத்தும் மென்பொருள் இயக்கி. வரைவில் இரண்டும் கலந்து கிடந்தன. "இயக்கியை நீக்குக" என்ற வரியைப் படித்துவிட்டு யாராவது திருப்புளியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பிரித்து எழுதிவிட்டேன்.)

> தரமிறக்கம் போதாதா? ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே.

தரமிறக்கம் என்பது புதிய பதிப்பை எடுத்துவிட்டுப் பழையதை நாமே நிறுவுவது. தெரிந்து செய்கிற வேலை. இது பயனருக்குத் தெரியாமலேயே நடக்கிறது. எச்சரிக்கை எதுவும் வராது. படம் திக்கித் திக்கி ஓடும், மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகரும், அவ்வளவுதான் அறிகுறி.

> "பின்வாங்கல்" எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் நிலைமை சீரானதும் திரும்பி வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது திரும்பி வராது, இந்தக் கோளாறில் பயனர் ஏமாறும் இடமே அதுதான். கீறல் விழுந்த வட்டை இயக்ககம் மீண்டும் மீண்டும் படிக்க முயன்று, பதில் தர வேண்டிய நேரம் கடந்துவிட்டால் அது ஒரு பிழை. கேபிளில் வரும் வழியில் தரவு சிதைந்து சிஆர்சி சோதனையில் (தரவு சிதையாமல் வந்ததா என்று பார்ப்பது) மாட்டினால் அதுவும் ஒரு பிழை. இவை அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. என்றைக்கு வந்தாலும் கணக்கில் சேரும். மொத்தம் 6 ஆனதும் விண்டோஸ் முறையைக் குறைக்கத் தொடங்குகிறது. பிழை நிற்காவிட்டால் இன்னும் கீழே. கீறல் வட்டைத் தூக்கி எறிந்த பிறகும் இறங்கிய இடத்திலேயே நிற்கும். பயனர் புது வட்டைப் போட்டுப் பார்த்து, அதுவும் மெதுவாகவே ஓட, இயக்ககம் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிவிடுகிறார்.

ஆகவே என் முன்மொழிவு: படியிறக்கம். ஒரேயடியாக விழவில்லை, டிஎம்ஏவின் மேல் முறையிலிருந்து கீழ் முறைக்கு, அங்கிருந்து பிஐஓவுக்கு என்று படிப்படியாகத்தான் இறங்குகிறது. வினையும் எளிதாக வருகிறது: முறை படியிறங்கியது, விண்டோஸ் படியிறக்கியது. மீட்பதற்குப் படியேற்றம். பின்வாங்கலுக்கு இப்படி ஓர் எதிர்ச்சொல் அமைத்துப் பாருங்கள், வராது.

டிஎம்ஏ, பிஐஓ இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். நேரடி நினைவக அணுகல், நிரல்வழி உள்ளீடு வெளியீடு என்றெல்லாம் விளக்கத்தில் ஒருமுறை வந்தால் போதும். திரையில் தெரிவது அந்த மூன்றெழுத்துதான்; பயனர் அதைத்தான் தேடுவார்.

மறுமொழி:

சொல் பிடித்திருக்கிறது. மூன்று தடைகள்.

முதலாவது, பதிவிறக்கம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். வேகமாகப் படிப்பவர் கண் வழுக்கும். "படியிறக்கம் காரணமாக மெதுவாகிறது" என்பதை இணையக் கோளாறு என்று எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, கீறல் வட்டு கிடைத்தால் இயக்ககமே தன் சுழல்வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதுவும் படிப்படியாகத்தான். அதையும் படியிறக்கம் என்பீர்களா?

மூன்றாவது சொல் பற்றியதல்ல. குறுவட்டின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு 150 கிலோபைட். 52 மடங்கு என்றாலும் 7.8 மெகாபைட்தான். பிஐஓ 4ஆம் முறை 16.6 மெகாபைட் வரை தாங்கும். கணக்குப்படி குறுவட்டு மெதுவாகவே கூடாதே?

மறுமொழி:

மூன்றாவதிலிருந்து வருகிறேன். 16.6 என்பது ஏட்டுக் கணக்கு. டிஎம்ஏவில் தரவு நேராக நினைவகத்துக்குப் போகிறது, செயலி தன் வேலையைப் பார்க்கிறது. பிஐஓவில் ஒவ்வொரு துண்டையும் செயலியே எடுத்து வைக்க வேண்டும். கடை முதலாளி கல்லாவை விட்டுவிட்டு மூட்டை சுமக்கிற கதை. மூட்டை எப்படியோ உள்ளே வந்துவிடும், வியாபாரம் படுத்துவிடும். வட்டு படிக்கும்போது கணினி முழுவதுமே தள்ளாடுவது இதனால்தான். டிவிடியில் ஏட்டுக் கணக்கும் உதவாது: 16 மடங்கு என்பது நொடிக்கு ஏறத்தாழ 22 மெகாபைட்.

சுழல்வேகம் பற்றிச் சொன்னது சரியான தடை, இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். இயக்ககம் தானே குறைத்துக்கொள்வதை வேகத்தணிப்பு எனலாம். நல்ல வட்டைப் போட்டதும் அது நீங்கிவிடும், படியிறக்கம் நீங்காது. சோதிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது: கீறலில்லாத வட்டு விரைவாக ஓடினால் குறை பழைய வட்டில், எந்த வட்டும் விரைவாக ஓடாவிட்டால் பரிமாற்ற முறையைப் பார்க்க வேண்டும். உள்வட்டத்தில் வேகம் குறைவாக இருப்பது இரண்டிலும் சேராது. 52 மடங்கு என்று முகப்பில் போட்டிருப்பது வெளிவிளிம்புக்கு மட்டும். தரவு தொடங்கும் உள்பக்கத்தில் அதில் பாதிகூட வராது. அதற்குப் பெயரே வேண்டாம், இயல்பு.

பதிவிறக்கத்தோடு குழம்பும் என்பதை ஏற்கிறேன். சொல் முதலில் வரும் இடத்திலும் தலைப்புகளிலும் "பரிமாற்றப் படியிறக்கம்" என்று முழுதாக எழுதுவோம். "படித்தாழ்வு" என்று மாற்றலாமா என்றும் யோசித்தேன். "படித்தாழ்ந்தது" என்றதும் யாரோ புத்தகத்தைப் படித்து ஆழ்ந்துபோனது போல ஒலிக்கிறது. வேண்டாம்.

கையேட்டில் போடும் பத்தி கீழே. தடை இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சேர்த்துவிடுகிறேன்:

"எந்த வட்டைப் போட்டாலும் மெதுவாகவே படிக்கிறதா? பரிமாற்றப் படியிறக்கம் நடந்திருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் இயக்ககம் இணைந்துள்ள ஐடிஇ சேனலைத் திறந்து, நடப்பு முறை என்ன என்று பாருங்கள். அமைப்பில் 'டிஎம்ஏ கிடைத்தால்' என்றே இருக்கும். அதை நம்ப வேண்டாம், நடப்பு முறை காட்டும் வரிதான் முக்கியம். அங்கே பிஐஓ என்றிருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் சேனலைப் புதிதாகக் கண்டறிந்து படியேற்றிவிடும். சில நாளில் மீண்டும் படியிறங்கினால் கேபிளை மாற்றுங்கள். 40 கம்பி கேபிள் இருந்தால் 80 கம்பி கேபிள் போடுவது நல்லது. இரண்டுக்கும் முனை ஒன்றுதான்."